சேர்மனுக்கு எடுத்த ஆரத்தி

ஞாயிற்றுக்கிழமை காலை மணி பதினொன்று இருபத்திரண்டு.

இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு என் ஞாபகசக்தி காரணமில்லை, கைப்பேசிதான் காரணம். அந்த நிமிடத்தில் போளி கொண்டுவந்த ஆளோடு நான் பேசிக்கொண்டிருந்ததாக அது இன்றைக்கும் சாட்சி சொல்கிறது. பி விங்குக்கு வர வேண்டிய போளி டி விங்குக்குப் போய்விட்டது. என் இடது கையில் கைப்பேசி. வலது கையில் பித்தளைத் தட்டு. தட்டில் ஆரத்தித் தண்ணீர். வெளியே செம்பூர் முழுக்க மழை.

வாசலில் என் மைத்துனியின் மகள் காவ்யாவும் அவளுடைய புதுக்கணவன் நிகிலும் நின்றிருந்தார்கள். நிகில் டோம்பிவிலிக்கார மராட்டிப் பையன். கல்யாணமாகி மூன்று வாரம். ஆடி பிறப்பதற்குள் விருந்துக்கு அழைத்துவிட வேண்டும், அதுவும் பன்னிரண்டு மணி யமகண்டத்துக்கு முன்னால் அவர்கள் படி தாண்டிவிட வேண்டும் என்பது என் மனைவி விஜியின் திட்டம். விஜியும் எதிர்வீட்டு மாமியும் தட்டைச் சுற்றினார்கள், பொட்டு வைத்தார்கள். பிறகு விஜி தட்டை என்னிடம் நீட்டினாள்.

"யார் காலும் படாத இடமாப் பார்த்துக் கொட்டிட்டு வாங்கோ."

கொட்டிவிட்டு வந்தேன்.

நடந்தது அவ்வளவுதான். ஒரு தட்டுத் தண்ணீர். வாரங்கள் ஆகிவிட்டன, இன்னமும் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தால் உடனே மூடிவிடுகிறேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை இந்தத் தொடரை இப்போதுதான் படிக்கத் தொடங்கியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஐரோலிப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. இருபத்தாறு வருடமாக அடுத்தவர்கள் எதையும் சிந்தாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. "கையில் இருப்பது என்ன, ஊற்றும் இடம் எது: இரண்டும் தெரியாமல் ஊற்றாதே" என்ற வாசகத்தை எழுதியவன் நான். லேமினேட் செய்தவன் நான். பதினான்கு இடங்களில் ஒட்டியவனும் நானே.

நாற்பது காரணங்கள்

என் மகள் தாரா முதலில் கேட்டது நாய். பதின்மூன்று வயதுப் பெண் நாய் கேட்பது இயல்புதான். மறுக்க என்னிடம் நாற்பது காரணங்கள் இருந்தன. கடி, ரேபிஸ், லிஃப்டில் எதிர்வீட்டு மாமி என்று வரிசையாகச் சொன்னேன்.

பூனை என்றாள். மூன்றாவது மாடி, பால்கனி ஜன்னலில் கம்பி இல்லை, விழுந்துவிடும் என்றேன். கம்பி போடலாமே என்றாள். தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்றேன். கிளி சட்டப்படி கூடாது. மீன் ஏற்கெனவே வளர்த்தோம். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் தினமும் மாற்றி மாற்றி, எட்டு மீன்களும் மிகச் சுத்தமான தண்ணீரில் செத்துப்போயின.

ஒருநாள் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அப்பா, கடிக்காது. குரைக்காது. லிஃப்ட்ல ஏறாது. முடி கொட்டாது. ஃப்ராக். அப் போலோ, இப்ப சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். நாற்பது காரணங்களில் ஒன்றுகூடத் தவளைக்குப் பொருந்தவில்லை.

விஜி மட்டும் அடுக்களையிலிருந்து ஒரு நிபந்தனை விதித்தாள். "அந்த ஜந்து என் அடுக்களைக்குள்ள வரப்படாது. நான் தொடவும் மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் மழைக்காலத்தில் தவளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெளியில் திரிகிற நம் ஊர்த் தவளையைப் பிடித்து வீட்டில் அடைக்கக் கூடாது என்று படித்தேன். படித்தால் அதற்கு மேல் எனக்கு யோசனை கிடையாது. இங்கேயே வளர்ப்பில் பிறந்த வெளிநாட்டுத் தவளையாகத் தேடத் தொடங்கினேன். தேடல் தாராவியில் முடிந்தது.

குதிக்காதது எது?

தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் காஜா பாய் கண்ணாடித் தொட்டி செய்கிறார். அப்பா காலத்தில் கடையநல்லூரிலிருந்து வந்த குடும்பம். இவர் பிறந்தது தாராவியில், ஆனால் பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை. பட்டறையில் கண்ணாடித் தூளும் சிலிக்கோன் பசையின் புளித்த வாடையும். அலமாரியில் மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆஸ்திரேலிய மரத்தவளை. வெற்றிலைப் பச்சை, சப்பாத்தி மாவு உருண்டை போன்ற உடம்பு.

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். தட்டச்சு செய்த முப்பத்திரண்டு கேள்விகள். பதினோராவது கேள்விக்கு வந்தபோது காஜா பாய் கண்ணாடி வெட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், நீங்க தவள வாங்க வந்தியளா, பொண்ணு குடுக்க வந்தியளா?"

கூட வந்திருந்த தாரா சிரித்தாள். அன்றைக்கு அவள் மனதார என் பக்கம் இல்லை என்பது அப்போதே தெரிந்தது.

முதல் டப்பாவைத் திறந்ததும் அதிலிருந்த தவளை அவள் தோளுக்குத் தாவி, அங்கிருந்து காஜா பாயின் தொப்பிக்குத் தாவியது. "அப்பா, இதுதான். யஹீ. பஸ், வேற வேண்டாம்." இரண்டாவது சும்மா திரும்பிப் பார்த்தது. மூன்றாவதின் டப்பாவைத் தட்டினேன், அசையவில்லை. மூடியைத் திறந்தேன், அசையவில்லை. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"இது நோயா?"

"நோயெல்லாம் இல்ல சார். அது அப்படித்தான். எடி விழுந்தாலும் யோசிச்சிட்டுத்தான் எந்திரிக்கும்."

"இதையே கொடுங்க."

தாரா என்னைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். ஆனால் என் தொழிலில் குதிக்கிறது எல்லாமே விபத்து. கதவு திறந்திருந்தால் வெளியே குதிக்கும், மின்விசிறிக்குக் குதிக்கும், கொதிக்கிற ரசத்தில் குதிக்கும். அசையாதது பத்திரமானது. அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இந்தத் தேர்வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு எதிராக உபயோகப்படும்.

இந்த நோய் எனக்குப் பரம்பரையாக வந்தது. மாட்டுங்காவில் வளர்ந்தவன் நான். என் அப்பா வங்கியில் குமாஸ்தா. எனக்கு ஒன்பது வயதில் சைக்கிள் வாங்கித் தந்தார், ஆனால் விழுந்துவிடுவேன் என்று ஸ்டாண்டிலிருந்து எடுக்க விடவில்லை. இரண்டு வருடம் நின்ற இடத்திலேயே பெடல் மிதித்தேன். பின்சக்கரம் மாத்திரம் சுற்றும். எங்கள் தெருவில் என்னைவிட அதிக நேரம் சைக்கிளில் உட்கார்ந்தவன் கிடையாது. இன்றுவரை எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. எங்கள் தொழிற்சாலை வளாகத்தில் எல்லா அதிகாரிகளும் சைக்கிளில் போவார்கள். நான் நடப்பேன். உடம்புக்கு நல்லது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

லேமினேஷன்

தவளைக்கு வீடு தயாரானது. இரண்டடி உயரக் கண்ணாடிப் பெட்டி, மேலே கொசுவலை, வலையைப் பிடித்துக்கொள்ள நான்கு கிளிப். உள்ளே தேங்காய்நார்த் தூள், ஒரு காய்ந்த கிளை, ஒரு மண் கிண்ணத்தில் தண்ணீர், சூட்டையும் ஈரப்பதத்தையும் காட்டும் கருவி. செடிக்கு வெளியே போகவில்லை. எங்கள் கண்ணாடி அடைத்த பால்கனியின் மூலையில் எட்டு வருடமாக ஒரு சிமெண்ட் தொட்டியில் மணி பிளான்ட் இருந்தது. அதைப் பிடுங்கி, வேரை மூன்று முறை அலசி, பெட்டிக்குள் நட்டேன். காலித் தொட்டியை எதிர்வீட்டு மாமி எடுத்துக்கொண்டாள். காலியான மூலையில் பெட்டியை வைத்தேன். காலை வெளிச்சம் வரும், நேர் வெயில் வராது. இதற்காக ஒரு வாரம் அந்த மூலையில் மணிக்கு ஒரு தடவை போய் நின்றிருக்கிறேன்.

பெயர் வைத்தவள் தாரா. எங்கள் கட்டடத்துச் சொஸைட்டிக் கூட்டத்துக்கு ஒரு தடவை என்னோடு வந்து, அதன் சேர்மனைப் பார்த்திருந்தாள். பெரிய வயிறு, மூடிய வாய், பேச்சு வராமலே அசையும் தொண்டை. "அப்பா, இது நம்ம சேர்மன்." அதன் பிறகு, "சேர்மன் இன்னிக்கு வெளிக்குப் போனாரா?" என்று வீட்டில் யாராவது சத்தமாகக் கேட்டால் விஜி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள்.

பெட்டியின் மேல் நான் ஒட்டிய விதிகள் ஒன்பது. தவளை தோலால் தண்ணீர் குடிக்கும் பிராணி, தோலில் படுவதெல்லாம் உள்ளே போகும், ஆகவே சோப்பு, சென்ட், எண்ணெய் பட்ட கை கூடாது. குழாய்த் தண்ணீர் கூடாது, குளோரின் போக ஒருநாள் முழுக்க வாளியில் ஆறிய தண்ணீர்தான் வேண்டும். இப்படிப் போய் ஒன்பதாவது: "தவறு நடந்தால் மறைக்காதே. உடனே சொல்."

அந்த ஒன்பதாவது விதியை நான் ஒரு தடவை பிரயோகித்துவிட்டேன்.

சேர்மன் வந்த பதினைந்தாம் நாள், தாரா ஒரு கிளிப்பைப் போட மறந்தாள். சேர்மன் முதல் தடவையாக யோசித்து முடித்து எழுந்து, சுவாமி அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். தாரா கண்டுபிடித்து, திரும்ப உள்ளே விட்டு, யாரிடமும் சொல்லவில்லை. நான் வந்து பார்த்தபோது அவர் முதுகில் குங்குமம் படிந்த ஒட்டடை. விசாரித்தேன். ஒத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் நல்ல தகப்பன் என்ன செய்வான்? போகட்டும் என்பான். நான் அலுவலகப் பையைத் திறந்து, தொழிற்சாலையில் நூலிழையில் தப்பிய விபத்துகளைப் பதிவு செய்யும் படிவத்தின் நகல் ஒன்றை எடுத்தேன். "கோவிக்கலை. ஆனா எழுதணும். எழுதினாத்தான் அடுத்த தடவை நடக்காது." அவள் எழுதினாள். 'காரணம்' என்ற கட்டத்தில் 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கொண்டுவந்தாள். நான் சிவப்புப் பேனாவால் அதில் கோடு போட்டேன்.

"கவனக்குறைவு காரணமே இல்லைம்மா. அது சோம்பேறிப் பதில். கவனம் ஏன் குறைஞ்சுது? அதுக்கு ஏன்? அஞ்சு தடவை ஏன்னு கேளு."

அவள் மூன்றாவது 'ஏன்'னில் அழுதுவிட்டாள். ஐந்து வரை எழுதவைத்துவிட்டுத்தான் விட்டேன். மஞ்சள் கோப்பு ஒன்றில் அதைப் போட்டு, வெளியே 'சேர்மன்' என்றும் எழுதினேன்.

கை போன இடம்

ஆரத்தித் தண்ணீரை வாசலில் அல்லது கேட்டுக்கு வெளியே கொட்டுவதுதான் வழக்கம். எங்கள் கட்டடத்தில் லாபிக்குப் புது டைல்ஸ் போட்ட வருடத்திலிருந்து, வாசலில் எந்த வர்ணமும் கொட்டக் கூடாது என்று அறிவிப்பு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு டைல்ஸில் ஏறினால் போகாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஆரத்தியெல்லாம் பால்கனி மூலை மணி பிளான்ட் தொட்டியில்தான். தாரா பரிசு வாங்கி வந்தபோது அங்கே. விஜியின் அண்ணா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அங்கே. எட்டு வருடம்.

பதினொன்று இருபத்திரண்டுக்குக் கைப்பேசியில் நான், "டி இல்லைங்க, பி. பி ஃபார் பாம்பே" என்று சொல்லிக்கொண்டே பால்கனிக்குப் போனேன். மூலையில் மணி பிளான்ட் இலைகள் வலையை முட்டிக்கொண்டு பச்சையாகத் தெரிந்தன. என் கை எட்டு வருடப் பழக்கத்தில் தட்டைச் சாய்த்தது. தண்ணீர் கொசுவலை வழியாக ஒரு துளி வெளியே சிந்தாமல் இறங்கியது.

பகலில் சேர்மன் தூங்கும் நேரம். இலைக்கு அடியில்தான் இருந்திருக்கிறார். தாரா ஆசைப்பட்ட தவளையாக இருந்திருந்தால் முதல் துளி விழுந்ததுமே எகிறிக் குதித்து எதிர்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். டப்பென்று சத்தம் கேட்டு நானும் திரும்பியிருப்பேன். நான் தேர்ந்தெடுத்தது அசையாதது.

அசையவில்லை.

சிவப்பு நிறம்

போளி வந்து சேர்ந்தது. காபி ஆயிற்று. நிகிலுக்குத் தமிழ் கொஞ்சம்தான் புரியும், எனக்கு மராட்டி கொஞ்சம்தான் வரும். பேச விஷயம் தீர்ந்துபோன இடத்தில் எழுந்தேன்.

"வா, எங்க சேர்மனைக் காட்டறேன்."

பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு நான் ஆரம்பித்துவிட்டேன். தவளைக்குத் தோல்தான் வாய் என்றேன். நம் விரல் நுனியில் இருக்கும் சோப்பு மிச்சம்கூட அதற்கு விஷம் என்றேன். அதனால்தான் இவ்வளவு ஏற்பாடு என்று, விதிப் பலகையைத் திரும்பிப் பார்க்காமலே விரலால் காட்டினேன். நிகில் மரியாதையான பையன். என் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தான்.

"அங்கிள், யே லால் கலர் நார்மல் ஹை க்யா?"

இந்தச் சிவப்பு வழக்கமாக இருப்பதுதானா என்று கேட்டான். திரும்பினேன்.

கண்ணாடியின் உட்புறத்தில் சிவப்புக் கோடுகள் வழிந்து காய ஆரம்பித்திருந்தன. நார்த் தூள் ரத்தக் களம் போல. இலைக்கு அடியில் சேர்மன் இருந்தார். முதுகில் சிவப்பு, இரண்டு கண்களும் இறுக மூடி, வலது பின்னங்கால் உடம்புக்கு வெளியே நீட்டி. தொண்டை துடிக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

என் கையில் இருந்தது என்ன, ஊற்றிய இடம் எது, இரண்டும் அப்போதுதான் தெரிந்தன. மணி பதினொன்று நாற்பது. பதினெட்டு நிமிடம்.

தாரா மாட்டுங்காவில் மிருதங்க வகுப்பில் இருந்தாள். ஒன்றரைக்கு வருவாள்.

எந்தத் தண்ணீர்?

சுண்ணாம்பு தோலில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏராளமான தண்ணீரால் உடனே கழுவ வேண்டும். வருடம் நான்கு தடவை ஒத்திகை நடத்துகிறேன். போன ஒத்திகையில் ஒரு தொழிலாளி கழுவிக்கொள்ளாமல் துண்டு தேடினார் என்று எல்லார் முன்னாலும் அவரை நிற்கவைத்துப் பேசியிருக்கிறேன்.

நான் அப்போது என்ன செய்தேன்? ஆறிய தண்ணீர் தேடினேன்.

விதிப்படி வைத்திருந்த வாளியை எட்டிப் பார்த்தேன். விருந்துக்கான வாழை இலைகள் அதில் குளித்துக்கொண்டிருந்தன. குடிக்கிற தண்ணீர்? நாங்கள் பாலக்காட்டுக்காரர்கள். எங்கள் வீட்டில் வெறும் தண்ணீர் என்ற பொருளே கிடையாது. இரண்டு ஜாடியிலும் சீரகம் போட்டுக் காய்ச்சியதுதான். குழாயைத் திறந்தால் குளோரின். ஜன்னலுக்கு வெளியே ஆகாயமே கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் இது செம்பூர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகை வழியாக இறங்கிவருகிற மழையில் என்ன கரைந்திருக்குமோ என்றேன். இதை நான் உண்மையிலேயே வாய்விட்டுச் சொன்னதாக நிகில் பின்னால் உறுதிப்படுத்தினான்.

காஜா பாய்க்கு வீடியோ அழைப்புப் போட்டேன்.

"பாய், ஆரத்தி, சுண்ணாம்பு, தவளை மேல, நான்தான்..."

"சார், கேமராவத் தவளைக்குக் காட்டுங்க. உங்க மூஞ்சிய எதுக்குக் காட்டுதிய?"

காட்டினேன்.

"தண்ணி ஊத்துங்க. ஊத்திக்கிட்டே இருங்க."

"எந்தத் தண்ணி பாய்? குழாயில குளோரின் இருக்கு, ஆறின தண்ணியில வாழை இலை..."

"எந்தத் தண்ணின்னாலும் சுண்ணாம்புக்கு நல்லதுல்லா சார். நான் அங்க வரணும்னா சயான்ல இடுப்பளவு தண்ணி நிக்கி. ஊத்துங்க மொதல்ல."

எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. வளையல் அணிந்த கை. விஜி அரக்குப் பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நான்கு கிளிப்பையும் ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்து, சேர்மனை வெறுங்கையால் அள்ளினாள்.

"விஜி, கையில எண்ணெய்..."

"வாயை மூடிண்டு வழியை விடுங்கோ."

எந்த அடுக்களைக்குள் வரக் கூடாது என்றிருந்தாளோ அந்த அடுக்களைக்கே அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழாயை மெல்லிசாகத் திறந்து, குழந்தைக்குத் தலை கழுவுவது போல இடது உள்ளங்கையில் கிடத்தி, வலது விரலால் முதுகு, வயிறு, கால் இடுக்கு எல்லாவற்றையும் வருடிக் கழுவினாள். சிவப்பு பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் ஓடியது. கூட்டும் எரிசேரியும் அடுப்பில் ஆறிக்கொண்டிருந்தன. காவ்யா குடை பிடித்துக்கொண்டு பால்கனி ஜன்னல் வழியாகப் பாத்திரத்தை நீட்டி மழைத் தண்ணீர் பிடித்தாள். புது மாப்பிள்ளை அந்தப் பாத்திரங்களை வாங்கி வாங்கி விஜியிடம் கொடுத்தான்.

நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அன்றைக்கு என்னிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒரே வேலை அது.

கால் மணி நேரம் ஆனதும் நிகில் மெதுவாக, அந்த ஆரத்தி தனக்கு எடுத்ததா, தவளைக்கு எடுத்ததா என்று இந்தியில் கேட்டான்.

"உங்க ரெண்டு பேர் திருஷ்டியையும் இது வாங்கிண்டுட்டது, போ" என்றாள் விஜி. கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, தண்ணீர் தெறித்ததா, தெரியவில்லை.

ஒன்றரை மணி

காகிதத் துண்டில் ரசாயனம் இருக்கும், புதுத் துணியில் கஞ்சி இருக்கும் என்றார் காஜா பாய். பீரோவின் அடியில் என் பழைய மல் வேட்டித் துண்டு இருந்தது. அதை மழைத் தண்ணீரில் நனைத்து, ஓர் எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தில் விரித்து, சேர்மனை அதில் விட்டோம். கண் திறக்கவில்லை. நீட்டிய கால் நீட்டியபடி.

"தொண்ட ஆடுதா?"

"ஆடற மாதிரி இருக்கு பாய்."

"மாதிரியா, ஆடுதா?"

குனிந்தேன். ஆடியது.

"அப்ப விடுங்க. இனி அது பாடு. கால உள்ள இழுத்துக்கிட்டுன்னா பயமில்ல. இழுக்கலன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். "தண்ணிய மட்டும் மாத்திட்டே இருங்க சார்."

பன்னிரண்டரை. பன்னிரண்டே முக்கால். இலை போட்டிருந்தது, யாரும் உட்காரவில்லை. யமகண்டம் நடந்துகொண்டிருந்தது, அதைப் பற்றி விஜியே பேசவில்லை. நான் அடுக்கின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாராவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

மழைச் சாரல் உள்ளே அடித்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் மழை சிவப்பாக இருக்காது. எதிர்வீட்டு மாமி தெரியாமல் கொட்டிவிட்டாள் எனலாம். ஆனால் மாமி மறுநாளே மறுத்துவிடுவாள். ஒரு கணம் நான் நிகிலைப் பார்த்தேன். புதிதாக வந்தவன், நம் வழக்கம் தெரியாதவன், விருந்தாளி, கோபித்துக்கொள்ள முடியாது. எவ்வளவு பொருத்தமான ஆள். அவன் அப்போது முழங்கால் போட்டு உட்கார்ந்து, கூஜாவிலிருந்து மழைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் துணியில் விட்டுக்கொண்டிருந்தான். அந்த நினைப்புக்காக அவனிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவும் அவனுக்குத் தமிழ் வராது. காவ்யா படித்துச் சொல்லட்டும்.

விஜி என் முகத்தைப் படித்துவிட்டாள். இருபது வருடம் ஆயிற்றே.

"நான் கொட்டினேன்னு சொல்லிடறேன். என்னண்டதான் அவ கொஞ்ச நாள்ல சரியாயிடுவா. உங்களண்ட ஆக மாட்டா."

"ஏன்?"

"அந்த ஃபாரத்தை அவ இன்னும் மறக்கலை."

அடுப்பு அணைந்திருந்தும் அடுக்களை அனலாக இருந்தது. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அதில் வீரம் எதுவும் கிடையாது. நான் பொய் சொன்னால் எனக்கே விக்கல் வரும்.

ஒன்று இருபதுக்கு, துணி லேசாக நகர்ந்தது. நீட்டியிருந்த கால் மடங்கவில்லை, நடுங்கியது. பிறகு நின்றது. பிறகு, யோசித்து முடித்ததைப் போல, மெதுவாக, மிக மெதுவாக, பாதம், முழங்கால், தொடை என்று ஒவ்வொன்றாக உள்ளே போய் வயிற்றின் அடியில் மறைந்தது. விஜி என் தோளைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் இரண்டு நாள் இருந்தது.

கண் இன்னும் திறக்கவில்லை. அப்போது வாசல் மணி அடித்தது.

தாரா. நனைந்த குடை, நனைந்த ஜடை. அக்காவையும் அத்திம்பேரையும் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் காலியான இலைகளைப் பார்த்தாள். பால்கனியில் வலை கழன்று, சிவப்பு வழிந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"சேர்மன் எங்க?"

நான் எழுந்து நின்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். "நான்தான் தாரா. ஆரத்தியைப் பெட்டியில கொட்டிட்டேன். போன்ல பேசிண்டு, பார்க்காம. பதினெட்டு நிமிஷம் எனக்குத் தெரியவே தெரியாது. அம்மாதான் கழுவினா. காலை இழுத்துண்டுட்டான். கண்ணு இன்னும் திறக்கலை."

அவள் அடுக்கின் முன்னால் உட்கார்ந்து, மூச்சு அதன்மேல் படாதபடி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். துணியின் ஓரத்தை ஒரு விரலால் சரிசெய்தாள். பிறகு எழுந்து, என்னைத் தாண்டி, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஜி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. தாராவின் கண்கள் சிவந்திருந்தன. கையில் மஞ்சள் கோப்பு, ஒரு காலிப் படிவம், சிவப்புப் பேனா. படிவத்தை என் முன்னால் வைத்தாள். பேனாவை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அடுக்கின் அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதுப்பா. நான் இங்கயேதான் இருக்கேன். ஆனா காரணம்ங்கற எடத்துல கவனக்குறைவுன்னு எழுதினே, கோடு போட்டுடுவேன்."